கடைசி நாலு விரற்கடை

அறுபது கிலோ எனக்கும் கூரைக்கும் நடுவில் நின்றுபோயிற்று. சோழவரத்தில் ஒரு கல்யாண மண்டபம். யாரோ யாரையோ கட்டிக்கொண்டதன் மிச்சமாக ஒரு ஜிகினாத் தோரணம் மேலே இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காரும் மேடையில்தான் பெஞ்சைப் போட்டிருந்தார்கள். நான் அதில் மல்லாந்து படுத்து இரும்பு ராடை மேலே தள்ளிக்கொண்டிருந்தேன். முக்கால் தூரம் ஏறியது. அப்புறம் மாட்டேன் என்றது.

இன்னும் நாலு விரற்கடை போனால் முழங்கை நேராகிவிடும். முழங்கை நேரானால்தான் தூக்கியதாகக் கணக்கு. பல்லைக் கடித்தேன். கண்ணுக்குள் பூச்சி பறந்தது. ராடு ஒரு பக்கமாகச் சரிந்தது. பின்னால் நின்ற இரண்டு பையன்கள் அதைப் பிடித்து வாங்கி ஸ்டாண்டில் மாட்டினார்கள்.

மூன்று நடுவர்கள், மூன்று விளக்கு. மூன்றும் சிவப்பு.

ஒருவருக்கு மூன்று தடவை தருவார்கள். முதல் தடவை ஐம்பதைத் தூக்கிவிட்டேன். இரண்டாவது இப்படிப் போயிற்று. இனி ஒன்றுதான் பாக்கி. கீழே முதல் வரிசையில் எங்கள் ஜிம்முக்கு வரும் லோகு உட்கார்ந்திருந்தான். அவன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட எனக்கு நன்றாக இருந்திருக்கும், கோபமாவது வந்திருக்கும்.

கும்மிடிப்பூண்டி வண்டியில் இடம் பிடிப்பதைப் பற்றிப் போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியதைப் படித்துவிட்டு, "நீங்கள் பெரிய சண்டைக்காரி போலிருக்கிறதே" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். ஆமாம் அம்மா, சண்டைக்காரிதான். இந்த வாரமும் சண்டைதான். ஆனால் இது எதற்கான சண்டை என்று தெரிய வேண்டுமானால் மேடையிலிருந்து இறங்கிக் கொஞ்சம் கவரைப்பேட்டைக்கு வர வேண்டும்.

பாதி ஷட்டர்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் எனக்குக் குவாலிட்டி செக்‌ஷன். காலை ஆறு மணி ஷிஃப்ட், மதியம் இரண்டுக்கு விடும். அதுவரை கையில் அளவு பார்க்கும் வெர்னியரை வைத்துக்கொண்டு, தலைமுடிக் கனத்தில் வித்தியாசம் இருந்தாலும் பீஸைத் தூக்கிப் போடுவேன். எனக்குப் பின்னால் என்னை என்னவென்று சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். இங்கே எழுத முடியாது.

வீடு கவரைப்பேட்டையில். ஸ்டேஷனிலிருந்து நடந்தால் வழியில் ஒரு டயர் கடை, அடுத்து டில்லிபாபு அண்ணனின் ஜிம், அடுத்து ஒரு பரோட்டாக் கடை. ஜிம் முன்னே அவருடைய லேத் பட்டறையாக இருந்தது. பட்டறை போய் ஜிம் வந்தாலும் லேத் மெஷினை அவர் விற்கவில்லை. ஜிம்மில் இருந்த ராடெல்லாம் அவரே கடைந்தது. உள்ளே நுழைந்தால் இன்னும் கட்டிங் ஆயில் வாசனை வரும், அதோடு வேர்வையும் பக்கத்துக் கடைச் சால்னாவும் சேர்ந்துகொள்ளும். எனக்கு அந்த வாசனை மல்லிகைக்கு ஒரு படி மேல்.

இரண்டரையிலிருந்து மூன்றரை வரை பெண்கள் நேரம். போர்டெல்லாம் கிடையாது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அண்ணன் பரோட்டாக் கடையில் போய் உட்கார்ந்துகொள்வார். பாதி ஷட்டர் என்றால் உள்ளே பெண்கள் இருக்கிறார்கள் என்று தெருவுக்கே தெரியும். ஆண் ஒருத்தனும் குனிய மாட்டான்.

அந்த ஒரு மணி நேரம் எனக்கு என்னவென்று சொல்லிவிடுகிறேன். கம்பெனியில் நான் மேடம். வீட்டில் அம்மா. தெருவில் சேகர் பொண்டாட்டி. அங்கே மட்டும் நான் யாருக்கும் எதுவும் இல்லை. வாய்விட்டுக் கத்தலாம். வேர்த்து நாறலாம். துப்பட்டா எங்கே போயிற்று என்று தேட வேண்டாம். ஒரு நாளில் எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான். அதை யாராவது தொட்டால் விடுவேனா?

என்னோடு ஐந்தாறு பேர் வருவார்கள். அதில் செல்வி முக்கியமானவள். ஸ்டேஷன் வாசலில் பூ விற்பவள். காலை வண்டிக்கும் சாயங்கால வண்டிக்கும்தான் அவளுக்கு வியாபாரம், மதியம் சும்மா. புருஷனுடைய பழைய டிஷர்ட்டைப் புடவைக்கு மேலே மாட்டிக்கொண்டு வருவாள். அப்புறம் புடவையை உள்ளே உருவிப் போட்டுவிட்டு, கீழே போட்டிருக்கும் டிராக் பேண்ட்டோடு நிற்பாள். என்னைவிட அரை அடி குள்ளம். வாய் மட்டும் ஒன்றரை ஆள் உயரம்.

ஜாக்கெட் கை

எல்லாரும் ஜிம்முக்கு வந்த காரணம் ஒன்றுதான். மேல் கையின் பின்பக்கம் தொங்கும் சதை. டாடா காட்டினால் நாம் நிறுத்திய பிறகும் அது காட்டிக்கொண்டே இருக்கும். டெய்லர் அளவெடுக்கும்போது கையில் டேப்பைச் சுற்றிவிட்டு ஒரு மாதிரி இருமுவார் பாருங்கள், அந்த இருமலுக்குப் பயந்துதான் நானும் வந்தேன்.

முதல் நாள் வெறும் ராடைத் தள்ளியபோதே கை கிடுகிடுவென்று ஆடியது. "இன்னாக்கா, கை டான்ஸ் ஆடுது?" என்றாள் செல்வி. அவளுடையது என்னுடையதைவிட மோசமாக ஆடிக்கொண்டிருந்தது. அதைச் சொன்னேன். "நான் பாட்டு போட்டுக்கினு ஆடறேன், நீ பாட்டு இல்லாம ஆடற" என்றாள்.

சதை குறைந்ததோ இல்லையோ, எனக்கு அந்த இடத்தின்மேல் பைத்தியம் பிடித்துவிட்டது. கையின் முன்பக்கம் புடைப்பது பைசெப்ஸ், பையன்கள் மடக்கி செல்ஃபி எடுப்பது அதைத்தான். அது மடக்குவதற்கு. மடக்கிய கையை நீட்டுவது பின்னால் இருக்கும் டிரைசெப்ஸ். மேல் கையில் பெரும்பங்கு சதை அதுதான். பெருமை எல்லாம் முன்னால் இருப்பவனுக்கு, வேலை எல்லாம் பின்னால் இருப்பவளுக்கு. நான் எந்தக் கட்சியில் சேர்ந்தேன் என்று சொல்ல வேண்டியதில்லை.

அதற்கு மூன்று தலை. ஒரே வீட்டில் வாழ்க்கைப்பட்ட மூன்று ஓரகத்திகள் என்றுதான் நான் நினைத்துக்கொள்வேன். இரண்டு பேர் மேல் கை எலும்பிலேயே பிறந்தவர்கள். எதைத் தள்ளினாலும் ஓடி வந்துவிடுவார்கள். மூத்தவள் மட்டும் தோள்பட்டை எலும்பில் ஒரு காலை வைத்திருக்கிறாள். படுத்துத் தள்ளும்போது அரை மனசாகத்தான் வருவாள். அவளை வேலை வாங்க வேண்டுமென்றால் கையைத் தலைக்கு மேலே தூக்கி, ராடைத் தலைக்குப் பின்னால் இறக்கி நீட்ட வேண்டும். அப்போது அவளால் தப்பிக்க முடியாது.

இதையெல்லாம் போனில் வீடியோ பார்த்துத் தெரிந்துகொண்டேன். இரவில் சேகர் பக்கத்தில் படுத்திருப்பான், நான் இருட்டில் கையை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டிருப்பேன். "இன்னாடி, கொசு அடிக்கிறியா?" என்பான். ஆமாம் என்று சொல்லிவிடுவேன்.

பலகை போட்டுத் தள்ளியது

ஒரே ராடுதான். தள்ளும் விதம் மாறினால் கையின் கதையே மாறிவிடுகிறது. எனக்கு இதைச் சொல்லும்போதே உள்ளங்கை பரபரக்கிறது.

நின்றுகொண்டு தலைக்கு மேலே தள்ளுவதை எடுத்துக்கொள்ளுங்கள். அண்டாவைப் பரண்மேல் ஏற்றுகிற மாதிரி. கழுத்தெலும்பிலிருந்து நெற்றி வரை தோள்தான் தூக்குகிறது. நெற்றியைத் தாண்டியதும் தோள் "இந்தா, பிடி" என்று டிரைசெப்ஸிடம் கொடுத்துவிடுகிறது. அங்கேதான் பாதிப் பேர் அண்டாவோடு இறங்கிவிடுவார்கள். கம்பெனியில் பீஸ் நிறைந்த டிரேயை மேல் ரேக்கில் வைக்க ஹெல்ப்பரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்த நான், ஒரு நாள் யோசிக்காமல் நானே வைத்துவிட்டு, வைத்த பிறகுதான் கவனித்தேன். சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னேன். அவருக்கு அதில் என்ன அதிசயம் என்று புரியவில்லை.

சாய்வுப் பெஞ்சில் நெஞ்சின் மேல்பாகமும் தோளும் பங்கு போட்டுக்கொள்ளும், முடித்து வைப்பது மட்டும் பின்கைதான். தரையில் படுத்துத் தள்ளுவது இன்னொரு விதம். முழங்கை தரையில் இடித்து நின்றுவிடும், காலை ஊன்றி உதவிக்கு இழுக்க முடியாது, நெஞ்சுக்கும் பாதி வேலைதான். மிச்சமெல்லாம் டிரைசெப்ஸ் தலையில். சித்திரை மாதத்தில் அந்த சிமெண்ட் தரையில் படுத்துப் பார்த்தால் தெரியும். டயர் கடையிலிருந்து ஒரு ரப்பர் ஷீட்டை வாங்கிப் போட்டுக்கொண்டோம். முதுகெல்லாம் கருப்பு.

இதிலெல்லாம் எனக்கு உயிர் பலகை பிரஸ்தான். கம்பெனிகளில் சரக்கு ஏற்றிவரும் மரப் பேலட் உடைந்தால் வெளியே போடுவார்கள். அந்தப் பலகை இரண்டை ஒட்டி ஆணி அடித்து நெஞ்சின்மேல் வைத்துக்கொள்வது. ராடு பலகை வரைதான் இறங்கும். மேல் பாதியை மட்டும் திரும்பத் திரும்பத் தள்ளுவதால் பின்கை வெந்துவிடும். செல்வி பலகையைப் பிடித்துக்கொண்டு என் தலைமாட்டில் குந்துவாள். "தள்ளுக்கா, தள்ளு, வண்டி கெளம்பப் போவுது" என்பாள். நான் சிரித்துவிட்டால் ராடு நெஞ்சில் உட்கார்ந்துகொள்ளும். அவளைத் திட்டாத நாள் இல்லை.

சாதாரணப் பெஞ்ச் பிரஸ் என்பது எல்லாருக்கும் தெரிந்தது. அகலப் பிடித்தால் முழங்கை கொஞ்சமாக மடங்கும், நெஞ்சு அதிகம் உழைக்கும். தோள் அகலத்துக்குக் கிட்டத்தில் பிடித்தால் முழங்கை ஆழமாக மடங்கி நிறைய நீள வேண்டும், டிரைசெப்ஸ் அதிகம் உழைக்கும். அந்தக் கிட்டப் பிடிக்காகவே வாரத்தில் ஒரு நாள் வைத்திருந்தோம். இரண்டு கட்டை விரலும் தொட்டுக்கொள்கிற அளவுக்குக் கிட்டத்தில் பிடிப்போம். மணிக்கட்டு விண்விண்ணென்று வலிக்கும். வலித்தால் நல்லது என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம்.

இங்கே ஒரு சின்ன விஷயம். போட்டிக்கு வைக்கும் ராடில் இரண்டு பக்கமும் ஒரு வளையக் கோடு இருக்கும், கையை வைக்க அடையாளம். அண்ணன் கடைந்த ராடில் அதெல்லாம் இல்லை. கோட்டுக்குக் கோடு எண்பத்தொரு சென்டிமீட்டர் என்று வீடியோவில் சொன்னார்கள். அன்றைக்கு ஜிம்மில் அளக்கிற டேப் இல்லை. "இதுக்கு இன்னாத்துக்கு டேப்பு? ஏறக்கொறைய ரெண்டு மொழம் வரும்" என்று செல்வி நடுவிலிருந்து இரண்டு பக்கமும் ஒவ்வொரு முழம் அளந்து, சிவப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிவிட்டாள். சுண்டு விரல் டேப்பின்மேல் வர வேண்டும், அதுதான் எங்கள் சாதாரணப் பிடி. ஆண்கள் அந்தச் சிவப்பு டேப்பைச் சீண்டவே இல்லை. அவரவர் இஷ்டத்துக்குப் பிடித்துக்கொண்டார்கள்.

லோகுவின் நியாயம்

லோகு இரும்பு உருட்டும் மில்லில் வேலை செய்பவன். முப்பதுகூட இருக்காது. அவனுக்கும் அதே ஆறு மணி ஷிஃப்ட், அதே இரண்டு மணி. வீடு வேப்பம்பட்டில். கவரைப்பேட்டையில் வண்டி ஏறி, சென்ட்ரல் போய், அங்கே திருவள்ளூர் வண்டி மாறி, அப்புறம்தான் வீடு. ஜிம் வாசலில் பையை வைத்துக்கொண்டு மூன்றரை வரைக்கும் நின்றுகொண்டிருப்பான்.

ஒரு நாள் நாங்கள் வெளியே வரும்போது டில்லிபாபு அண்ணனோடு பேசிக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் குரலை இன்னும் ஏற்றினான்.

"அண்ணே, ஷிஃப்ட்டு வுட்டு நேரா வரேன். ஒரு மணி நேரம் வெளிய நிக்கறேன். நான் ஊட்டுக்குப் போறதுக்குள்ள கொயந்த தூங்கிப்பூடுது. உள்ள இவங்க இன்னா பண்றாங்க? காலி ராடை வெச்சிக்கினு கதை பேசிக்கினு கீறாங்க."

எனக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது. "கதை பேசறத நீ பாத்தியா? ஷட்டர்ல காத வெச்சிக்கினு இருந்தியா?"

"இல்லக்கா, சிரிப்புச் சத்தம் பரோட்டாக் கடை வரிக்கும் கேக்குது."

"சிரிச்சா ராடு தூக்க முடியாதா? நீ அயுதுக்கினேதான் தூக்குவியா?" என்றாள் செல்வி.

அண்ணன் இரண்டு கையையும் தூக்கினார். "என்னைப் பேஜாரு பண்ணாதீங்க. சோழவரத்துல வெயிட்டு தூக்கற ஜில்லா மீட்டு வருது. உங்கள்ல ஒருத்தி அவ எடைய அவளே தூக்கட்டும். வெள்ள லைட்டு வுயுந்தா அந்த டைமு உங்களுது, எவனும் வாயத் தொறக்கக் கூடாது. வுயலைன்னா மறு வாரத்துலேர்ந்து ஷட்டர் முயுசா தொறந்து கெடக்கும், எல்லாரும் வரலாம். இன்னா சொல்றீங்க?"

எல்லாரும் வரலாம் என்றால் எங்களில் யாரும் வர முடியாது என்று அர்த்தம். செல்வியை அவள் புருஷன் விட மாட்டான். மற்றவர்களுக்கு மாமியார் விட மாட்டார்கள். சேகர் விடுவான், ஆனால் என்னால் அந்த ஆண்களுக்கு நடுவில் வாய்விட்டுக் கத்த முடியாது. கத்தாமல் எனக்குத் தூக்கத் தெரியாது. என் வாயும் சும்மா இருக்காதே. "சரி, நான் தூக்கறேன்" என்று சொல்லிவிட்டேன். என் எடை அறுபது. கல்யாணத்தின்போது எவ்வளவு என்று கேட்காதீர்கள்.

லோகுவின் பேச்சில் நியாயம் இருந்தது என்பது எனக்கு அப்போதே தெரியும். அதனால்தான் இன்னும் கோபம் வந்தது.

அப்புறம் வந்த மாதங்களை நினைத்தால் இன்றைக்கும் துள்ள வேண்டும்போல் இருக்கிறது. நாற்பது, ஐம்பது, ஐம்பத்தைந்து. ஜாக்கெட் கை இறுக்க ஆரம்பித்தது, ஆனால் இது வேறு இறுக்கம். டெய்லர் டேப்பைச் சுற்றிவிட்டு இந்த முறை இருமவில்லை, என் முகத்தைப் பார்த்தார். போட்டிக்கு முந்தைய வாரம் ஜிம்மில் அறுபதை, பலகை இல்லாமல், நெஞ்சைத் தொட்டு மேலே தள்ளினேன். செல்வி ஷட்டரை ஓங்கித் தட்டிய சத்தத்தில் டில்லிபாபு அண்ணன் எவளோ செத்துவிட்டாள் என்று ஓடி வந்தார். ஆனாலும் உள்ளே குனியவில்லை. வெளியிலிருந்தே "யாருக்கு இன்னா ஆச்சி?" என்று கத்தினார்.

பெண் அலங்கார அறை

சோழவரம் என்றால் என் சித்தப்பாவுக்குக் கார் பந்தயம்தான். அவர் சின்ன வயதில் ஏரிக்கரைப் பக்கம் நின்று பார்த்ததாகச் சொல்வார். வண்டி தெரியாது, சத்தம் மட்டும் நெஞ்சில் வந்து இடிக்குமாம். போட்டி அன்று பேருந்தை விட்டு இறங்கியதும் எனக்கும் நெஞ்சில் ஏதோ இடித்தது. பந்தயம் நின்று எத்தனையோ காலம் ஆகிவிட்டது, இது வேறு இடி.

முதல் தடவை ஐம்பதைத் தூக்கும்போதே ஏதோ சரியில்லை. கையைக் கட்டி இழுத்த மாதிரி இருந்தது. பயத்தில் அப்படித் தோன்றுகிறது என்று விட்டுவிட்டேன். இரண்டாவது தடவை நடந்ததைத்தான் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டேனே.

மேடைக்குப் பின்னால் பெண்ணை அலங்கரிக்கும் அறை. அங்கேதான் உடம்பைச் சூடேற்ற ஒரு போட்டி ராடு வைத்திருந்தார்கள். சுவர் முழுக்கக் கண்ணாடி, அதன் ஓரங்களில் கல்யாணப் பெண்கள் ஒட்டிவிட்டுப் போன ஸ்டிக்கர் பொட்டுகள். நான் தரையில் உட்கார்ந்து அழலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது செல்வி ஓடி வந்தாள்.

"ஏன்க்கா, இன்னாத்துக்குக் கைய இப்டி விரிச்சிக்கினு படுத்த? நம்ம ஜிம்முல இப்டியா புடிப்ப?"

"கோட்டு மேலதான்டி புடிச்சேன். நம்ம டேப்புல புடிக்கற மாதிரியேதான்."

"இல்லக்கா. நம்ம டேப்பு இவ்ளோ தூரம் கெடையாது."

சொல்லிவிட்டு அவள் அந்த ராடின் நடுவில் முழங்கையை வைத்து அளந்தாள். விரல் கோட்டுக்கு எட்டவில்லை. நடுவில் நாலு விரல் இடம் காலியாக இருந்தது. அடுத்த பக்கமும் அப்படியே.

"இந்த ராடு பெருசுக்கா" என்றாள்.

"ராடு எல்லாம் ஒண்ணுதான். நீ எப்படி அளந்த? மறுபடி அள."

அளந்தாள். இந்த முறை நான் கண்ணை எடுக்காமல் பார்த்தேன். முழங்கையின் நுனியிலிருந்து ஆரம்பிக்கவில்லை, உள்பக்க மடிப்பிலிருந்து ஆரம்பித்தாள். நடுவிரல் நுனி வரைக்கும் போகவில்லை, விரலை உள்ளே மடக்கிக்கொண்டாள். தினமும் ஸ்டேஷன் வாசலில் நூறு பேருக்குச் செய்வதை அவள் கை தானாகச் செய்தது.

"அடிப்பாவி. இது பூ விக்கிற மொழம்டி."

"பின்ன எனக்கு வேற எந்த மொழம்க்கா தெரியும்?" என்றாள் செல்வி. அவளுக்குத் தான் என்ன செய்தோம் என்றே புரியவில்லை.

எனக்கு அவளை அடிக்க வேண்டும்போலவும் கட்டிக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது. நாள் முழுக்க வெர்னியர் பிடிக்கிறவள் நான், பூக்காரி முழத்தை நம்பி இத்தனை மாதம் படுத்திருக்கிறேன். சிரிப்பு வந்துவிட்டது. வயிறு வலிக்கச் சிரித்தேன். பக்கத்தில் ராடு வழுக்காமலிருக்கக் கைக்கு மாவு பூசிக்கொண்டிருந்த ஒரு பெண் எங்களைப் பார்த்து நகர்ந்து உட்கார்ந்தாள்.

சிரித்து முடித்ததும் சுளீரென்று உறைத்தது. எங்கள் சாதாரணப் பிடி சாதாரணப் பிடியே இல்லை. தோள் அகலம்தான். கட்டை விரல் தொட, மணிக்கட்டு வலிக்க நாங்கள் தனியாக ஒரு நாள் செய்ததெல்லாம் வீண். உண்மையான கிட்டப் பிடியை நான் தினமும் செய்துகொண்டிருந்திருக்கிறேன். ஜிம்மில் அறுபதை மேலே ஏற்றியது என் நெஞ்சு இல்லை, என் டிரைசெப்ஸ். இங்கே வந்து கையை விரித்து, பழக்கமில்லாத நெஞ்சின்மேல் பாரத்தைப் போட்டுவிட்டு, பழகிய சதைக்கு வேலையே கொடுக்கவில்லை.

அப்படியானால் உள்ளே பிடிக்க வேண்டும். ஆனால் பிடிக்கலாமா? கோட்டில்தான் பிடிக்க வேண்டும், மீறினால் சிவப்பு என்றுதான் நான் நினைத்திருந்தேன். டில்லிபாபு அண்ணனைக் கேட்கலாம் என்றால் அவர் மேடையில் ராடின் எடைப் பிளேட்டுகளை மாற்றிக்கொண்டிருந்தார். பேர் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு முன்னால் மூன்றே பேர்.

"உள்ள புடிக்கலாம்க்கா."

வாசலில் லோகு நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று தெரியவில்லை. "கோட்டுக்கு வெளிய போவக் கூடாதுன்றதுதான் ரூலு. உள்ள எவ்ளோ வேணா வரலாம்."

நான் அவனை மேலும் கீழும் பார்த்தேன். "இத நீ ஏன் எனக்குச் சொல்ற?"

"தெரிஞ்சிக்கினு வாய மூடிக்கினு இருந்தா தூக்கம் வராதுக்கா. ஊட்ல கைக்கொயந்த. ஏற்கெனவே தூக்கம் இல்ல."

எனக்கு அவன்மேல் முழு நம்பிக்கை இல்லை. விஷயம் அப்படிப்பட்டது. மேடைப் படியில் நின்ற நடுவரிடம் போய்க் கேட்டேன். அவர் தலையை நிமிர்த்தாமலே, "உள்ளே பிடிக்கலாம்மா, தாராளமா" என்றார். திரும்பினேன். லோகு இன்னும் அங்கேயே நின்றிருந்தான். அவன் சொல்லாமல் இருந்திருந்தால் திங்கட்கிழமை முதல் அந்த நேரம் அவனுக்கும்தான். அவன் குழந்தை விழித்திருக்கும்போது வீட்டுக்குப் போயிருப்பான்.

நடுவரிடம் இன்னொன்றும் கேட்டேன். "ராடைத் தூக்கிக் கொடுக்க எங்க ஜிம் ஆள் நிக்கலாமா?"

"நிக்கலாம்."

"லோகு, வா. தூக்கிக் குடு."

அவன் பையைச் செல்வியிடம் கொடுத்துவிட்டு வந்தான்.

மூன்றாவது தடவை

பேர் கூப்பிட்டார்கள். படுத்தேன். தோள்பட்டை இரண்டையும் பின்னால் இழுத்துப் பெஞ்சில் பதித்தேன். உள்ளங்கையை ராடில் வைத்து, கோட்டிலிருந்து உள்ளே நகர்த்தினேன். என் தோளுக்கு நேராக வந்ததும் கைக்குத் தெரிந்துவிட்டது. இதுதான், இதுதான் என்றது. லோகுவின் முகம் தலைகீழாக என்மேல் தெரிந்தது.

"மூணு எண்ணட்டா?"

"எண்ணாத. குடு."

கொடுத்தான். அலுங்காமல், நேராகக் கொடுத்தான். அறுபது கிலோ என் கையில் வந்து உட்கார்ந்தது. "ஸ்டார்ட்" என்றார்கள். இறக்கினேன். முழங்கை விலாவை ஒட்டிக்கொண்டு இறங்கியது. ராடு நெஞ்சைத் தொட்டு நின்றது. அசையக் கூடாது. நடுவர் சொல்லும்வரை மூச்சு விடக் கூடாது. அந்த ஆள் சொல்லவே மாட்டார்போலிருந்தது.

"பிரஸ்."

தள்ளினேன். கத்தினேன். பாதி ஷட்டருக்கு உள்ளே கத்துகிற அதே கத்தல், மண்டபம் முழுக்க ஆண்கள் இருந்தும் வந்துவிட்டது. கீழே கொஞ்சம் மெதுவாகத்தான் எழுந்தது, கிட்டப் பிடியில் அடி எப்போதும் கஷ்டம். ஆனால் எழுந்தது. பாதி வந்தது. முக்கால் வந்தது. போன தடவை நின்ற இடம் வந்தது.

அங்கே நெஞ்சு கைவிட்டது, தோள் கைவிட்டது. ஓரகத்திகள் வந்தார்கள். மூத்தவள்கூட வந்தாள் என்றுதான் நினைக்கிறேன். மேல் கையின் பின்பக்கம் நெருப்பு வைத்த மாதிரி இருந்தது. நாலு விரற்கடை மூன்றாயிற்று, மூன்று இரண்டாயிற்று. ராடு நகர்கிறதா நிற்கிறதா என்று யாருக்கும் தெரிந்திருக்காது, எனக்குத் தெரியும். செல்வி எங்கிருந்தோ "வண்டி கெளம்புதுக்கா" என்று அலறினாள். இந்த முறை நான் சிரிக்கவில்லை.

முழங்கை பூட்டிக்கொண்டது. இரண்டும். நேராக.

அந்தச் சந்தோஷத்தை எனக்கு எழுதத் தெரியவில்லை. என் எடை அத்தனையும் எனக்கு மேலே இருந்தது, நான் அதற்குக் கீழே அசையாமல் இருந்தேன். நடுவர் "ரேக்" என்று, அதாவது ஸ்டாண்டில் வை என்று, சொன்னாராம். மறுபடியும் சொன்னாராம். எனக்குக் காது கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் வைத்திருப்பேனா தெரியாது. கீழே இறக்கினால் யாராவது எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று ஒரு பயம்.

லோகு இரண்டு கையையும் ராடுக்கு அடியில் நீட்டி, தொடாமல், என் காதுக்குப் பக்கத்தில் குனிந்தான்.

"வெச்சிடுக்கா. டைமு உங்களுதுதான்."

அப்போதுதான் வைத்தேன். விளக்கு எரிந்தது அதற்கப்புறம். மூன்றும் வெள்ளை.